கைவினை அறைக்குப் பரண் பாத்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கைவினை அறையை ஒழுங்குபடுத்துவது பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா, வணக்கம். எட்டுக்குப் பத்து அடி அறையொன்றில் ஆரி எம்பிராய்டரியும், காகிதப் பட்டைகளைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் வேலையும் செய்துவருகிறேன். பிளாஸ்டிக் இழுப்பறைகள் இரண்டு வாங்கி வைத்த பிறகும் பொருள்களைத் தேடும் நேரம் குறையவில்லை. மாமியார் காலத்து அஞ்சறைப் பெட்டி, டிபன் கேரியர், ஊறுகாய் ஜாடிகள், எண்ணெய் டின்கள் எல்லாம் பரணில் கிடக்கின்றன. அவற்றை இந்த அறைக்குப் பயன்படுத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

தாராளமாகப் பயன்படுத்தலாம். கைவினைக்கென்றே கடைகளில் விற்கும் பெட்டிகளைவிட உங்கள் பரணில் இருப்பவை நம் ஊருக்குப் பொருத்தமானவை என்றே நான் நினைக்கிறேன். பருப்பு நமுத்துப்போகாமலும் மிளகாய்த்தூள் கட்டிதட்டாமலும் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்ட வேண்டும் என்ற கவலையோடுதான் கடலோர ஊர்ப் பெண்கள் தங்கள் சமையலறைப் பாத்திரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உப்பு இரும்பை அரித்துவிடும் என்பதால் அது பீங்கான் ஜாடிக்குப் போனது. நாள்தோறும் பலமுறை எடுக்கும் கடுகும் சீரகமும் ஒரே மூடிக்குள் கிண்ணங்களாக அமர்ந்தன. கைவினை அறையிலும் நாம் மல்லுக்கட்டுவது அதே ஈரத்தோடும் அதே அவசரத்தோடும்தான். ஆகவே, ‘இந்த டப்பாவில் எதைப் போடலாம்’ என்று தொடங்காதீர்கள். எல்லாப் பொருள்களையும் ஒரு பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, ‘இதைக் கெடுப்பது எது’ என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள். பட்டு நூலை வெளிச்சமும் ஈரமும் கெடுக்கும். குவில்லிங் காகிதத்தை ஈரமும் பூச்சியும் கெடுக்கும். ஊசியை உப்புக் காற்று கெடுக்கும். கண்ணாடி மணிகளை எதுவும் எளிதில் கெடுக்காது, சிந்துவதும் ஒன்றோடொன்று கலப்பதும்தான் அவற்றின் தொல்லை. இப்படிப் பிரித்துவிட்டால் எது எந்தப் பாத்திரத்துக்குப் போக வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி மணிகளுக்கும் சமிக்கிகளுக்கும் ஏற்றது. ஏழு கிண்ணம் என்றால் ஏழு நிறம். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. பெட்டி சற்றே சாய்ந்தாலும் சிறு மணிகள் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் பக்கத்துக் கிண்ணத்தில் குதித்துவிடும். பிறகு அவற்றைப் பிரிப்பதற்குள் கண் பூத்துப்போகும். கிண்ணங்களின் மேல் வைக்கும் உட்தட்டின் அளவுக்குப் பழைய டர்க்கித் துண்டை வட்டமாக வெட்டி, அந்தத் தட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். மூடியை அழுத்தியதும் துணி கிண்ணங்களின் வாயைக் கவ்விக்கொள்ளும். நிற எண்ணையோ அளவையோ எழுதி ஒட்டும்போது மூடியில் ஒட்டாமல் கிண்ணத்தில் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறும், கிண்ணங்கள் மாறா. ஏழு நிறத்துக்கு மேல் இருந்தால் ஹோமியோபதி மருந்து வந்த சிறு கண்ணாடிக் குப்பிகளைச் சேர்த்து வைக்கலாம்.

டிபன் கேரியரை நான் பொருள்வாரியாக நிரப்புவதில்லை, வேலைவாரியாக நிரப்புகிறேன். ஒரு ரவிக்கைக்குத் தேவையான மணியும் கல்லும் கீழ் அடுக்கில், நூலும் ஜரிகையும் நடு அடுக்கில், ஊசியும் சிறு கத்தரியும் மாதிரித் துணியும் மேல் அடுக்கில் என்று வைத்துக்கொண்டால், அந்த ரவிக்கை முடியும்வரை வேறு எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டியதில்லை. விருந்தினர் வந்துவிட்டால் கொக்கியை மாட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போகலாம். உங்கள் கடிதத்தில் சொன்ன தேடும் தொல்லையில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்திலேயே தீரும் என்று நம்புகிறேன். இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தால் இரண்டு கேரியர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய் ஜாடியின் அடி கனமானது. அதனால் தூரிகைகள், குரோஷா ஊசிகள், நீளமான அளவுகோல் ஆகியவற்றை நிறுத்தி வைத்தாலும் கவிழாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊறுகாய் இருந்த ஜாடியின் பூச்சில்லாத அடிப்பகுதியிலும் மெல்லிய விரிசல்களிலும் உப்பு ஊறியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, உள்ளே வைக்கும் இரும்புக் கருவியைத் துருப்பிடிக்கச் செய்யும். இரண்டு மூன்று நாள்கள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, பிறகு வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

எண்ணெய் டின்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 15 கிலோ சதுர டின் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், நீளம் 29.7 சென்டிமீட்டர். அதாவது, வண்ணத் தாள்களும் வடிவமாதிரிகளும் மடியாமல் உள்ளே நிற்கும். மேல் தகட்டை வெட்டி எடுத்த விளிம்பு கத்தியைப் போன்றது. பட்டறையில் கொடுத்து உட்புறமாக மடித்துத் தட்டி வாங்குவதுதான் பாதுகாப்பு. கொதிநீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி ஓர் இரவு வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு சோப்பாக மாறிக் கழன்றுவிடும். அதன் பிறகு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சும் எனாமல் ஒரு பூச்சும் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் துரு எட்டிப்பார்க்கும். மூன்று டின்களைப் படுக்கவைத்து அடுக்கினால் அதுவே திறந்த அலமாரி. பண்ருட்டிப் பக்கம் உறவினர்கள் இருந்தால், முந்திரிப் பருப்பு வரும் தகர டின்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை அளவில் சிறியவை, நூல்கண்டுகளுக்குப் பொருத்தமானவை.

எந்தப் பாத்திரமானாலும் மணம் போன பிறகே நூலையும் துணியையும் வையுங்கள், பட்டு மணத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் படிந்த மஞ்சள் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கையை நோகடித்துக்கொள்ள வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் சிதைந்துவிடும். இரண்டு மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தால் கறை தானே வெளிறிப்போகும். அதே வெயில் பட்டு நூலின் நிறத்தையும் வெளிறச் செய்யும் என்பதை மறக்க வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நூலை அடுக்கி ஜன்னலோரம் வைப்பது கண்ணுக்கு அழகாக இருக்கும், நூலுக்கு நல்லதல்ல. கண்ணாடிப் பாட்டில்களில் பொத்தான்களையும் மணிகளையும் வைத்துவிட்டு, நூலைத் தகரத்துக்குள் வையுங்கள்.

வீடு கடற்கரைக்கு மிக அருகில் இருக்கிறது. ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் சில வாரங்களிலேயே துருப்பிடிக்கின்றன. வாங்கி வைத்த ஜரிகை நூலும் கறுத்துவிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

உங்கள் துன்பம் எனக்குப் புதிதல்ல. நான் வசிப்பதும் குருசுக்குப்பத்தில், அலையோசை கேட்கும் தூரத்தில்தான். ஒரு மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது, ஒரு பாக்கெட் ஆரி ஊசி முழுவதும் பழுப்பாகிக் கிடந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

காற்றுப் புகாத டப்பா உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. அதை எந்த நேரத்தில் மூடுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பே நீர்க்கத் தொடங்கும். நம் கடற்கரையில் இரவிலும் விடியற்காலையிலும் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். ஆகவே கருவிகளின் மேல் படிந்திருக்கும் உப்புத் துகள்கள் மழை பெய்யாத நாளிலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கருவிகளை மூடி வைப்பதற்கு முன் நீர் தொட்டுப் பிழிந்த துணியால் துடைத்து உப்பைப் போக்கி, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் ஏறிய முற்பகலில் டப்பாவை மூடுங்கள். நன்கு காய்ந்த காலமான சித்திரை, வைகாசியில் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து காயவைத்து மூடுவது என் வழக்கம்.

ஊசிகளுக்குப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு அருமையான இடம். உள்ளே ஃபிளானல் துண்டை விரித்து, அதில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஊசிகளைக் குத்தி வையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப்பிடித்துப் பிசுபிசுக்கும். வேலையைத் தொடங்குமுன் ஊசியைத் துணியில் ஓரிருமுறை குத்தி எடுத்துவிட்டால் பட்டில் எண்ணெய்க் கறை விழாது.

ஈரத்தை உறிஞ்சுவதற்காக அரிசி போட்டு வைப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அரிசி உறிஞ்சுவது சொற்பம், ஆனால் வண்டுகளை நன்றாகவே வரவழைக்கும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பும் வேண்டாம், நீர் பட்டால் சூடேறும் பொருளைக் காகிதத்துக்கும் துணிக்கும் பக்கத்தில் வைப்பது சரியல்ல. சிலிக்கா ஜெல் நல்லது. மருந்துப் புட்டிகளிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் சிறு பொட்டலங்கள் நம் கைக்கு வரும்போதே பெரும்பாலும் ஈரம் குடித்திருக்கும், அவற்றை நம்ப முடியாது. ஈரம் ஏறினால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லைத் தனியாக வாங்கி, மெல்லிய துணிப் பையில் கட்டி வையுங்கள். நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் மிகச் சிறிய தீயில் வறட்டி எடுத்தால் மீண்டும் வேலை செய்யும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு கலந்திருக்கும், அது உடலுக்குக் கேடு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆரஞ்சு நிறத்தையே கேட்டு வாங்குங்கள்.

ஜரிகை கறுப்பதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை. ஜரிகைக் கண்டுகளை ரப்பர் பாண்டு போட்டு வைக்கும் பழக்கம் உண்டா என்று பாருங்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். ரப்பர் பாண்டுகளை எடுத்துவிட்டு, பருத்தி நூலால் கட்டி, பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். அந்த வேட்டியில் கஞ்சி இருக்கக் கூடாது. கையில் வியர்வை இருக்கும்போது ஜரிகையைத் தொடாமல் இருப்பதும் நல்லது.

சுடுமண் நகைகள் செய்கிறேன். பிசைந்த களிமண் சீக்கிரம் இறுகிவிடுகிறது. செய்து வைத்த நகைகளோ மழைக்காலத்தில் காய மறுக்கின்றன, சில வெடித்தும்விடுகின்றன. இரண்டையும் எப்படி வைப்பது?
— வாசகி, வில்லியனூர்

சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. மற்றவர்களுக்குச் சொன்ன அறிவுரை உங்களுக்குத் தலைகீழாகப் பொருந்தும், ஏனென்றால் பச்சைக் களிமண்ணுக்கு ஈரம்தான் உயிர். சுவருக்கு அடித்து மிச்சமான 20 லிட்டர் பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவுங்கள். அடியில் ஒரு செங்கல்லை வைத்து, அது பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதன் மேல் ஈரச் சாக்கில் சுற்றிய மண்ணை வைத்து மூடிவிடுங்கள். வாரம் ஒருமுறை சாக்கைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

செய்து முடித்த நகைகள் வெடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் காய்ந்தால் காயும்போதே விரிசல் விடும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கச் சூளையில் வைத்தால் அந்த நீர் ஆவியாகிப் பிளக்கும். இரண்டுக்கும் இடியாப்பத் தட்டுகள் உதவும். அவை தட்டையானவை; துளைகள் இருப்பதால் அடியிலிருந்தும் காற்று புகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நான்கு மூலைகளில் தீப்பெட்டிகளை வைத்து இடைவெளி விட்டால், இரண்டடி இடத்தில் நூறு பதக்கங்களைக்கூடக் காயவைக்கலாம். முதல் நாள் மேலே மெல்லிய துணியைப் போர்த்தி நிழலில் வையுங்கள், மின்விசிறிக்கு நேர்கீழே வேண்டாம். நாள்தோறும் ஒருமுறை திருப்பிவிடுங்கள். கன்னத்தில் ஒற்றிப் பார்க்கும்போது குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். சுட்டு எடுத்த ஜிமிக்கிகளுக்கு முட்டை அட்டை ஏற்றது. முப்பது குழியில் பதினைந்து ஜோடி பிரியாமல் இருக்கும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் அனுமதிப்பதில்லை. துணி வண்ணங்களும் தின்னரும் வைக்கத் தனி இடமில்லாததால், தின்னரைச் சிறு தண்ணீர்ப் பாட்டில்களில் ஊற்றிச் சமையலறை மாடத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு சிறு பிள்ளைகள் உள்ளனர். இடத்தை எப்படி உண்டாக்குவது?
— வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

முதலில் அந்தத் தண்ணீர்ப் பாட்டில்களை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு. தின்னர், டர்பன்டைன், அசிட்டோன் போன்றவை தண்ணீரைப் போலவே தெளிவாக இருக்கும். தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் பாட்டிலின் வடிவம்தான் தெரியும். அவை எந்த டப்பாவில் வந்தனவோ அதிலேயே, பெயர்ச்சீட்டு கிழியாமல், பூட்டுள்ள இடத்தில், அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டுப் பொருள்களை மறுபடி பயன்படுத்துவதை மனதார ஆதரிக்கிறவள் நான், ஆனால் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தப்பித்தவறி ஒரு பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கைவினைக்கு வந்த சமையல் பாத்திரம் எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதற்காக, என் வீட்டில் அவற்றின் அடியில் சிவப்பு எனாமலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இனி இடத்துக்கு வருவோம். ஆணியில்லாத சுவராக இரும்பு பீரோவின் பக்கவாட்டைப் பயன்படுத்தலாம். பழுதான ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தங்கள் கத்தரிக்கோலையும் சிறு தகர டப்பாக்களையும் அதில் தாங்கும். எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டில் எம்பிராய்டரி வளையங்கள், பலகைகள், வண்ணத் தட்டுகள் எல்லாம் செங்குத்தாக நிற்கும். பழைய ஜீன்ஸ் பைகளை ஒரு கனத்த துணியில் தைத்துத் துணி உலர்த்தும் மடக்கு ஸ்டாண்டில் தொங்கவிட்டால் பத்துப் பன்னிரண்டு அறைகள் கிடைக்கும்; தேவையில்லாதபோது மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். உத்தரத்தில் தூளிக் கொக்கி இருந்தால் அதைச் சும்மா விடாதீர்கள்: ஒரு கயிற்றில் மூன்று முறங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டால் போதும். வளையல் ஸ்டாண்டு ரிப்பன் சுருள்களுக்கு.

ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, தரையில் அட்டைப் பெட்டிகளில் வைத்திருந்த காகிதங்களும் துணிகளும் வீணாயின. தப்பியவற்றை இப்போது ராமபாணப் பூச்சி அரிக்கிறது. மீண்டும் எப்படி அடுக்குவது?
— வாசகர், ரெயின்போ நகர், புதுச்சேரி

2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. சேர்த்துவைத்ததை இழந்த உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முதலில் அட்டைப் பெட்டிகளை விட்டுவிடுங்கள். அட்டையும் அதை ஒட்டிய பசையும் ராமபாணப் பூச்சிக்கு உணவு. தரையில் வைத்தால் கரையானுக்கும் அழைப்பு. மைதாப் பசையால் ஒட்டிய பழைய ஆல்பங்களையும் கஞ்சி போட்ட துணிகளையும் காகிதங்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்தாலும் கெடாதவற்றுக்கு மட்டும் என்று முடிவு செய்துவிடுங்கள்: சுட்ட மண்பொருள்கள், கண்ணாடி, கிளிஞ்சல், பிளாஸ்டிக் மணிகள். சென்ற முறை தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று சுவரில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஓரடி மேலேதான் காகிதமும் துணியும் தொடங்க வேண்டும். பெரிய தாள்களைச் சுருட்டி வைக்க, குழாய் வேலையில் மிஞ்சிய 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள் நல்லவை. இரு முனைகளிலும் மூடி போட்டுப் பரணில் படுக்கவைக்கலாம். நம் ஊரில் தயாராகும் கைசெய் காகிதம் பருத்தித் துணியிலிருந்து வருவது, ஈரத்தை நிறையக் குடிக்கும். அதைச் சுருட்டாமல், பழைய தகரப் பெட்டியில் தட்டையாக வைத்து, நடுநடுவே துவைத்த வாயில் புடவைத் துண்டுகளை விரியுங்கள். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போடுவதும் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து தாள்களைப் புரட்டுவதும் சேர்ந்தால்தான் பூச்சி அடங்கும், வசம்பு மட்டும் போதாது.

மூடியுள்ள வாளியில் வைத்தால் தண்ணீர் புகாது என்று நினைப்பது ஓரளவுக்கே சரி. லேசான பொருள்கள் உள்ள வாளி வெள்ளத்தில் மிதந்து கவிழும், கவிழ்ந்தால் மூடி திறந்துகொள்ளும். அதன் கைப்பிடியை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டி வையுங்கள். ஐப்பசி பிறக்கும்போதே அந்தக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.